கோதும் அறையும்

துப்பாக்கி வெடிக்கும்போது பித்தளைக் கோது விரிந்து, ரவையறையின் சுவரோடு ஒட்டிப் பின் சற்றே சுருங்கும். அக்கோதினை மீண்டும் பயன்படுத்த விரும்புபவன் அதனை அச்சினுள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகின்றான். அவ்வாறு செய்தும் சில கோதுகள் அறையுள் இறங்க மறுப்பதுண்டு. வலிந்து திணிக்கவே கை முதலில் முனையும். அனுபவசாலியோ கோதின்மீது மை பூசி, மெல்லச் செலுத்தி வெளியே எடுத்து, மை உரசி அழிந்த இடத்தை நோக்குவான். கழுத்தோ, தோளோ, அடிப்பாகமோ, தடை எங்கென்பதை அவ்விடமே அறிவித்துவிடும். கோதினை மட்டும் பழித்துப் பயனில்லை. அறையின் அளவும் விசாரிக்கப்பட வேண்டும்.

இவ்விசாரணை பிந்தியதன் விலையை 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்பர் களத்திற் கனேடியப் படையினர் செலுத்தினர். இலக்குத் திடலிற் புகழீட்டிய அவர்களது றோஸ் துப்பாக்கியின் அறை நெருக்கமானது. பிரித்தானியாவிற் செய்யப்பட்ட .303 ரவைகள் சிலவோ அதற்குச் சற்றே பருத்தவை. அவை லீ-என்பீல்ட் துப்பாக்கியின் அகன்ற அறையில் இடரின்றி இயங்கின. றோஸின் சூடேறிய அறையில் இறுகிக்கொண்டன. எதிரி நெருங்கிவருகையில், திறவாத போல்ற்றினைச் சப்பாத்துக் காலால் உதைத்தவர் பலர். வீழ்ந்த பிரித்தானியரின் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டவரும் பலர். பின்னரே அறைகள் அகலமாக்கப்பட்டன. 1916இல் குறிபார்த்துச் சுடுவோர் சிலரைத் தவிர ஏனையோரிடமிருந்து றோஸ் மீளப்பெறப்பட்டது.

ரவை தன்னளவில் நன்று. துப்பாக்கியும் தன்னளவில் நன்று. இரண்டையும் ஒருங்கே வைத்து அளந்து பார்க்கும் பொறுப்பு மேசையருகே இருந்தோருக்குரியது. அதனை ஈற்றில் நிறைவேற்றியவர்களோ அகழியிற் கிடந்தவர்கள்.