தண்ணி எப்போ வரும்?

தண்ணீர்த் தடை அறிவிப்பை வானொலியில் வாசிப்பது சுலபமில்லை. ஊர்ப் பெயர்ப் பட்டியல் அவ்வளவு நீளம். கண் ஒரு வரி தவறினால் யாரோ ஒருவரின் தாமான் விடுபட்டுவிடும். வாசித்து முடித்த மறுநிமிடம் தொலைபேசி அலறும். பத்தில் ஒன்பது பேருக்கு ஒரே கேள்விதான்: "தண்ணி எப்போ வரும்?"

2020 செப்டம்பர் 3 நினைவிருக்கிறதா? ரவாங்கில் ஓடும் சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்து, சுங்கை சிலாங்கூரை நம்பியிருக்கும் 4 சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. அறிவிப்பில் 'கணக்குகள்' என்றுதான் இருக்கும். ஒரு கணக்குக்குப் பின்னால் ஒரு பாட்டி, ஒரு கைக்குழந்தை, இரவு வேலை முடித்து வந்த ஓர் அண்ணன் இருப்பார்கள். அக்டோபரில் மீண்டும் நாற்றம், மீண்டும் பட்டியல். பிறகு சிலாங்கூர் அரசு, ஆற்றை மாசுபடுத்துவோருக்கான அபராதத்தை 10 லட்சம் ரிங்கிட் வரை உயர்த்தியது.

நல்லதுதான். ஆனால் அபராதம் நாற்றம் வந்த பிறகு வருவது. ஆற்றோரத்தில் தொழிற்சாலை வரலாமா என்ற முடிவு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எடுக்கப்பட்டிருக்கும். என்னைக் கேட்டால், நம் வீட்டுக் குழாயைப் பற்றிய பெரிய முடிவே அதுதான்.

அந்த நாள்களில் அழைத்த ஒரு பெரியவர் மட்டும் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கவில்லை. "தம்பி, ராத்திரி மழை பெஞ்சா எங்க வீட்டுக்குப் பின்னால ஓடுற கால்வாய்ல தண்ணி நிறம் மாறும். வருஷக்கணக்கா பாக்குறோம். எங்கள யாரும் கேட்டதில்லையே?" என்றார்.

கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' எனப்படும் வட்டாரத் திட்டத்தின் நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எங்கே வீடு, எங்கே தொழிற்பேட்டை, ஆற்றோரம் எப்படிப் பயன்படும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆட்சேபத்தை எழுதிக் கொடுக்கலாம். நேரில் விளக்க வாய்ப்பும் கேட்கலாம். சொன்னதெல்லாம் நடந்துவிடாது. ஆனால் சொன்னது கோப்பில் இருக்கும்.

எங்கள் வட்டாரத் திட்டம் பார்வைக்கு வந்தபோது போய்ப் பார்த்தேன். சுவர் நிறைய வரைபடம். தொழில் நிலம் ஊதா, ஆறு நீலம். ஓரிடத்தில் ஊதா நீலத்தை ஒட்டியே நின்றது. கருத்துப் படிவம் மலாயில் இரண்டு பக்கம், பயப்படும்படி ஒன்றுமில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். எனக்கு முன் வந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரை எழுதியிருந்தார்கள். நிலத்தில் பணம் போட்டவர்கள் தவறாமல் வந்திருக்கிறார்கள். அதே ஆற்றின் தண்ணீரில் சோறு வடிப்பவர்களைத்தான் காணோம்.

தண்ணீர்த் தடை அறிவிப்பு எங்கள் நிலையத்துக்கு உடனே வந்துவிடும். இந்த மாதிரி அறிவிப்பு என் மேசைக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அதனால் மறுநாள் காலை நிகழ்ச்சியில் நானே தமிழில் எழுதி வாசித்தேன்: எந்த மாடி, எத்தனை மணி வரை, கடைசி நாள் எது. "இதுக்கும் தண்ணிக்கும் என்ன சம்பந்தம் தம்பி?" என்று ஓர் அக்கா அழைத்துக் கேட்டார். ஊதாவையும் நீலத்தையும் பற்றிச் சொன்னேன். "அடக் கடவுளே" என்றார்.

அந்த வாரம் எங்கள் தாமானிலிருந்து மூன்றே பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வரைபடத்தைக் கண்ணாடி வழியாக நெடுநேரம் பார்த்துவிட்டு, இந்த இடத்துக்கும் ஆற்றுக்கும் எத்தனை மீட்டர் என்று முகப்பில் இருந்த அதிகாரியிடம் மலாயில் கேட்டார். அந்த இளைஞர் வரைபடத்தைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், பிறகு இழுப்பறையைத் திறந்து அடிக்கோலைத் தேடினார்.