பைரனின் போட்ஸ்வைன்

வெறிநோய் முற்றித் துடித்த நாயின் வாயில் வழிந்த எச்சிலை வெறுங்கையால் துடைத்துவிட்டிருக்கிறார் ஆங்கிலக் கவிஞர் பைரன். துணிச்சலால் அல்ல, அது என்ன நோய் என்றே அவருக்குத் தெரியாது.

நாயின் பெயர் போட்ஸ்வைன். நியூஃபவுண்ட்லாந்து இனம். 1808 நவம்பரில் ஐந்து வயதில் இறந்தது. வெறிநோய்க்கு விஞ்ஞானி பாஸ்டரின் தடுப்பூசி வர இன்னும் 77 ஆண்டுகள் இருந்தன.

பைரனுக்கு அப்போது 20 வயதுதான், கழுத்துவரை கடன். ஆனாலும் நாட்டிங்காம்ஷயரில் இருந்த தன் நியூஸ்டெட் அபே மாளிகைத் தோட்டத்தில் நாய்க்குப் பெரிய கல்சமாதி கட்டி, அதில் கவிதையும் பொறித்தார். ஒரு நாய்க்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் எந்த ஊரிலும் உண்டு. வளர்த்த நாயை ஒருமுறையாவது மண்ணில் இறக்கியவர்கள் கேட்க மாட்டார்கள்.

1811-ல் எழுதிய உயிலில், தன்னையும் அதன் பக்கத்திலேயே புதைக்கச் சொன்னார் பைரன்.

நடக்கவில்லை. கடன் நெருக்கியதில் மாளிகை கைமாறியது. 1824-ல் கிரேக்கத்தில் காய்ச்சலில் இறந்தவரின் உடல், ஊர் திரும்பி, ஹக்னல் தேவாலயத்தில் இருந்த குடும்பக் கல்லறைக்குப் போனது. நியூஸ்டெட்டில் போட்ஸ்வைன் மட்டும் இருக்கிறது.