நல்லவர்களின் போராட்டம்

கதை என்றால் நல்லவருக்கும் தீயவருக்கும் இடையே நடக்கும் போர் என்றே நாம் இளமை முதல் பழகி வந்திருக்கிறோம். மறைக்கல்வி வகுப்பில் கேட்ட புனிதர் வரலாறுகளும், ஊர்த் திருவிழாவில் விடிய விடியப் பார்த்த ஞானசௌந்தரி நாடகமும் அந்தப் பழக்கத்தை நம்முள் ஊன்றிவிட்டன. பின்னர்க் கல்லூரிப் பாடநூல்கள், மனிதன் மனிதனோடு மோதுவது, இயற்கையோடு மோதுவது, தன்னோடு தானே மோதுவது எனக் கதையின் முரண்பாட்டை வகுத்துக் காட்டின. இவ்வகைகளுள் அடங்காத ஒரு போராட்டம் தொடக்கநூலிலேயே இருக்கிறது. யாப்போக்கு ஆற்றின் துறையில் யாக்கோபு விடியும்வரை மற்போரிட்டாரே, அது. தொடைச்சந்து இடம் பெயர்ந்து நொண்டியவராய், ஆயினும் ஆசி பெற்றவராய் அவர் கரையேறினார். அத்தகைய மற்போரைத் தற்கால அமெரிக்கச் சிறுகதையில் எழுதிக் காட்டியவர் ஃபிளானரி ஓ'கானர்.

இவர் 1925ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், மங்கள வார்த்தைத் திருநாளன்று, ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையின் உயிரைக் குடித்த லூப்பஸ் நோய் தம்மையும் பற்றிக்கொள்ளவே, மில்லெட்ஜ்வில் ஊரின் பண்ணை வீட்டில், தாயோடும் தாம் வளர்த்த மயில்களோடும், ஊன்றுகோல்களின் துணையில் வாழ்ந்து, 1964இல் தம் 39ஆம் வயதில் மறைந்தார். கத்தோலிக்கர் மிகச் சிறுபான்மையினராய் இருந்த நிலம் அது. ஆகவே அவருடைய கதைமாந்தரில் பெரும்பாலோர் சீர்திருத்த சபையினரே. திருப்பலியோ செபமாலையோ அக்கதைகளில் அரிதாகவே தலைகாட்டும்.

இறந்த ஆண்டிலேயே வெளிவந்த 'ரெவலேஷன்' என்ற கதையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். திருவெளிப்பாடு நூலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரே கதைக்கும் பெயர். மருத்துவர் ஒருவரின் காத்திருப்பு அறையில் திருமதி டர்பின் அமர்ந்திருக்கிறார். பருத்த உடல், மலர்ந்த முகம், எவருக்கும் உதவும் குணம். கோவில் காரியங்களிலும் குறை வைக்காதவர். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. உறக்கம் வராத இரவுகளில் உலகத்தாரைப் படிப்படியாக அடுக்கிப் பார்ப்பார். அடியில் கறுப்பின மக்கள். அவர்களுக்கு மேலே அன்று, சற்றே விலகி, ஏழை வெள்ளையர். அதற்கு மேல் வீடு உள்ளோர். அதற்கும் மேல், தம்மைப் போல் வீடும் நிலமும் உள்ளோர். ஆனால் கணக்கு எங்கோ இடறும். பணம் பெருத்த கீழ்மக்கள் இருக்கிறார்களே, பணம் இழந்த குலமக்கள் இருக்கிறார்களே, ஊரில் இரண்டு மகிழுந்து வைத்திருக்கும் கறுப்பினப் பல் மருத்துவரை எங்கே வைப்பது? இப்படிக் குழம்பியே உறங்கிப் போவார். கனவில் அத்தனை வகுப்பாரும் ஒரே சரக்கு வண்டியில் அடைபட்டு நச்சுவாயு உலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்! இவ்விடத்தில் ஆசிரியர் விளக்கமாக ஒரு சொல்லும் சொல்வதில்லை. மனிதரைத் தரம் பிரிக்கும் மனம் எந்த உலையில் போய் முடியும் என்பதை ஐரோப்பா அதற்குள் கண்டுவிட்டிருந்தது.

தம்மை இப்படிப் படைத்ததற்காக இயேசுவுக்கு அவர் வாய்விட்டு நன்றி சொல்லும் அக்கணத்தில், எதிரே படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி கையிலிருந்த தடித்த நூலை அவர் நெற்றியில் வீசி எறிகிறாள். பாய்ந்து கழுத்தை நெரிக்கிறாள். பிடித்துக் கிடத்தியபின், நீ நரகத்துப் பன்றி, அங்கேயே போய்ச் சேர் என்ற பொருளில் அவர் காதுபட ஏசுகிறாள். அவளுடைய பெயர் மேரி கிரேஸ். மரியாவும் அருளும் சேர்ந்த பெயர்! முகமெல்லாம் பருவும் மனமெல்லாம் வெறுப்புமாய் இருக்கும் பெண்ணுக்கு அப்பெயரை இட்டது ஆசிரியரின் குறும்பு மட்டுமன்று என்றே நமக்குப் படுகிறது.

இங்கே கதை முடிந்திருந்தால் அது பரிசேயரும் வரிதண்டுவோரும் உவமைக்கு ஒரு புதுச்சட்டையாக மட்டுமே இருந்திருக்கும். ஆனால் உவமையின் பரிசேயர் கோவிலை விட்டு அமைதியாக வீடு திரும்புகிறார். டர்பினுக்கோ அமைதி போய்விடுகிறது. மாலையில் பன்றித் தொழுவத்தில், நீர்க்குழாயைப் பிடித்தபடி, நான் எப்படி நானாகவும் பன்றியாகவும் இருக்க முடியும் என்று கடவுளிடமே சண்டையிடுகிறார். அவருடைய எதிரி அந்த மாணவியே அல்லள் என்பது அப்போது நமக்குப் புலப்படுகிறது. பதிலாக வருவது ஒரு காட்சி. அந்தி வானத்தில் ஆன்மாக்கள் விண்ணகம் நோக்கி அணியணியாகச் செல்கின்றன. முன்னே ஏழை வெள்ளையரும், வெள்ளாடை உடுத்த கறுப்பினத்தாரும், சித்தம் கலங்கியவரும் துள்ளிக் குதித்துப் போகின்றனர். கடைசியில், சுருதி பிசகாமல் பாடியபடி, டர்பினைப் போன்ற ஒழுங்கானவர்கள். அவர்களுடைய நற்பண்புகளும் எரிந்துகொண்டிருப்பதை அம்முகங்கள் காட்டுகின்றன. உத்தரிக்கிற நெருப்பு பாவக் கறையை எரிக்கும் என்றுதான் நாம் கற்றிருக்கிறோம். நற்பண்புகளையும் எரிக்கும் நெருப்பைப் பற்றி எந்த மறையுரையிலும் நாம் கேட்டதில்லை.

டர்பினின் அடுக்கை அமெரிக்கத் தென்மாநிலத்துப் பழங்கதை என்று ஒதுக்கிவிட நமக்கு வழியில்லை. கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்கென்று சுவர் எழுப்பிய வரலாறு உடையது தமிழகத் திருச்சபை. இறந்தோருக்கும் வரிசை வகுத்தவர்கள், அந்தி வானத்தின் வரிசையில் எங்கே நிற்பார்கள்?

ஓ'கானரும் இவ்வினாவுக்கு வெளியே நிற்கவில்லை. தம் கடிதங்களில் கறுப்பின மக்களைப் பற்றி அவர் இழிவாக எழுதியவை உண்டு. அதன் பொருட்டு, 2020இல், மேரிலாண்டில் இயேசு சபையினரின் லொயோலா பல்கலைக்கழகம், ஒரு மாணவர் விடுதிக்குச் சூட்டியிருந்த அவர் பெயரை நீக்கி, கறுப்பினத் துறவி சகோதரி தியா போமனின் பெயரைச் சூட்டியது. அது தகும் என்றே எண்ணுகிறோம். ஆயினும் கதையை மூடிவைக்க மனம் வரவில்லை. எழுதியவரும் அந்த வரிசையின் கடைசியில்தான் நடந்துபோகிறார் என்று அறிந்தபின், கதை இன்னும் கூர்மையாகத்தான் தைக்கிறது.

அருள் எப்போதும் அடித்துக்கொண்டுதான் வர வேண்டுமா? கத்தோலிக்கர் அல்லாத மற்றோர் அமெரிக்கர், ரேமண்ட் கார்வர், வேறு வழி காட்டுகிறார். பிறந்தநாளுக்குக் கேக் சொல்லி வைத்த தாய்; பிறந்தநாளன்றே மகிழுந்து மோதி நினைவிழக்கும் சிறுவன்; ஒன்றும் அறியாமல், வாங்காத கேக்குக்காக இரவெல்லாம் தொலைபேசியில் துன்புறுத்தும் அடுமனைக்காரர். 1981இல் வெளியான சுருக்க வடிவில், தொலைபேசி மணி ஒலிப்பதோடு கதை அறுந்துவிடுகிறது. அச்சுருக்கம் பதிப்பாசிரியரின் கத்தரி செய்தது. அதுவே கலை நயம் மிக்கது என்பாரும் உளர். நமக்கு உடன்பாடில்லை. 1983இல் கார்வர் வெளியிட்ட விரிந்த வடிவில், மகனை இழந்த பெற்றோர் நள்ளிரவில் அடுமனைக்கே சென்று சீறுகிறார்கள். அடுமனைக்காரர் மன்னிப்புக் கேட்கிறார். பிள்ளையில்லாத தம் வாழ்வின் தனிமையைச் சொல்கிறார். நாற்காலி இழுத்துப் போட்டு, அடுப்பிலிருந்து இறங்கிய சூடான இனிப்பு ரொட்டிகளைத் தருகிறார். பிறகு கனத்த கரிய ரொட்டி ஒன்றைப் பிட்டு, முகர்ந்து பார்க்கச் சொல்கிறார். செபம் இல்லை, குருவானவர் இல்லை. சன்னலில் வெளிச்சம் ஏறிய பின்னும் அவர்கள் எழுந்து போக நினைக்காமல் உண்டுகொண்டே இருக்கிறார்கள்.