மேலே கழுவினால் கீழே வரும்

எங்களுக்குத் தூத்துக்குடி மாவட்டம் ஆத்தூர் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால். குலதெய்வம் காரையாறு சொரிமுத்து அய்யனார். ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு வேனில் போய், தாமிரபரணிக் கரையில் தார்ப்பாய்க் குடில் போட்டுத் தங்குவோம். அரிசி, பருப்பு, தேங்காய், பாய், பாத்திரம் எல்லாம் வீட்டிலிருந்தே போகும். பெண்கள் அடுப்பு மூட்ட, பிள்ளைகள் தண்ணீர் சுமக்க, வீடே காட்டுக்கு இடம் மாறிய மாதிரி இருக்கும்.

ஒரு வருசம் சோற்றுப்பானையைச் சோப்புப் போட்டு ஆற்றிலேயே அலசினேன். அம்மா பானையைப் பிடுங்கினார்.

"ஏலே, இந்தத் தண்ணிதாம்ல நம்ம கொடிக்காலுக்கு வருது!"

சுருக்கென்றது. ஆற்றின் எட்டாவது, கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். அந்தத் தண்ணீர்தான் எங்களுக்கு. அதற்குக் கீழே புன்னைக்காயலில் ஆறு கடலில் சேர்ந்துவிடும். மேலே யார் எதைக் கழுவி விட்டாலும் கடைசியில் வாங்கிக்கொள்வது நாங்கள். வாய்க்காலில் அழுக்குத் தண்ணீர் வருகிறதென்று ஊர்க்கூட்டத்தில் சத்தம் போட்டவனும் நான்தான்.

அன்று முதல் பாத்திரம் விளக்க அடுப்புச் சாம்பல்தான். கழுவிய தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளி, குழியில் ஊற்றுகிறோம். குளித்துவிட்டுத் துணியை ஆற்றில் விடுவதில்லை. குப்பையைச் சாக்கில் கட்டி ஊருக்கே கொண்டுவந்துவிடுகிறோம். திரும்பும்போது வேனில் ஒரு சாக்கு கூடும், அவ்வளவுதான்.