கூரை ஏறத் தெரிந்தவர் யார்?

அமெரிக்காவில் மினியாபொலிஸ் என்று ஒரு ஊர். மினசோட்டா மாநிலம், தலைக்கு மேலே கனடா. ஜனவரியில் அங்கே போகிறேன் என்று சொன்னபோது நண்பர்கள் யாரும் 'என்ன வாங்கி வருவாய்?' என்று கேட்கவில்லை. 'திரும்பி வருவாயா?' என்றுதான் கேட்டார்கள்.

கேள்வி நியாயமானதுதான். நம் வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். இந்த ஊரில் சில ஜனவரி காலைகளில் ஃப்ரீசருக்குள் போய் உட்கார்ந்தால் கொஞ்சம் கதகதப்பாக இருக்கும்! இதே மாநிலத்தின் வடக்கே டவர் என்ற சிற்றூரில் 1996 பிப்ரவரி 2-ம் தேதி மைனஸ் 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. மாநிலத்தின் சாதனை அதுதான்.

ஆனால், மனிதன் விடுவானா? நகர மையத்தில் ஆபீஸ் கட்டடங்களை எல்லாம் மாடி உயரத்தில் கண்ணாடிப் பாலங்களால் கோத்துவிட்டார்கள். பெயர் ஸ்கைவே. 1962-ல் ஆரம்பித்து, இன்று சுமார் 80 பிளாக்குகளை இணைக்கிறது. ஆபீஸிலிருந்து பாங்க், பாங்கிலிருந்து ஹோட்டல், அங்கிருந்து மறுபடி ஆபீஸ்... கோட்டே போடாமல் நடந்துவிடலாம். மேனேஜர் தேடினால் 'ஸ்கைவேயில் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்ளும் வசதியும் உண்டு.

இந்த ஊரில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் குளிரைப் பற்றிப் பேசுவார்கள். அப்புறம் ஃபுட்பால். மூன்றாவது, கூரை! ஃபுட்பாலும் கூரையும் ஒரு தடவை சேர்ந்தே விழுந்திருக்கின்றன. மெட்ரோடோம் என்ற பிரமாண்ட ஸ்டேடியத்தின் கூரை, காற்றழுத்தத்தால் பலூன் போலத் தூக்கி நிறுத்தப்பட்ட துணிக்கூரை. 2010 டிசம்பரில் சுமார் 17 அங்குலப் பனி கொட்டியது. 12-ம் தேதி விடியற்காலை கூரை கிழிந்து, மேலே இருந்த பனி மொத்தமும் மைதானத்தில் இறங்கியது. நல்ல வேளை, உள்ளே கூட்டம் இல்லை. அன்றைய மேட்சை டெட்ராய்ட் நகரத்துக்கு மாற்றினார்கள். பிறகு அந்த ஸ்டேடியத்தையே இடித்து, அதே இடத்தில் 2016-ல் புதிது திறந்தார்கள். இந்தத் தடவை கூரை நல்ல சரிவாக, கூர்மையாக. பாடம் படித்துவிட்டார்கள்!

ஸ்டேடியத்துக்கே இந்தக் கதி என்றால் வீட்டுக் கூரை எம்மாத்திரம்?

நான் தங்கியிருந்தது கூடப் படித்த நண்பன் வீட்டில். சாஃப்ட்வேர்க்காரன். போன மறுநாள் வாசலில் நின்று பார்த்தால், கூரை விளிம்பிலிருந்து ஆலம் விழுது மாதிரி ஐஸ் விழுதுகள் பளபளவென்று தொங்குகின்றன. "அடடா, என்ன அழகுடா!" என்றேன். நண்பன் முகத்தில் ஈயாடவில்லை.

"அழகா? உள்ளே வந்து பாரு" என்று படுக்கையறைக்கு அழைத்துப் போனான். கூரைத்தளத்தில் பழுப்பாக ஒரு ஈரத் திட்டு. கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. சொட்... சொட்... வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும்போது உள்ளே எப்படி ஒழுகும்?

அங்கேதான் விஷயம். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுகிறது. சூடான காற்று விளக்குத் துளைகள், குழாய் இடுக்குகள் வழியாகப் பரணுக்கு ஏறுகிறது. கூரை சூடாகி, மேலே உள்ள பனி அடியிலிருந்து உருகுகிறது. உருகிய தண்ணீர் சரிவில் இறங்கி, சுவரைத் தாண்டி நீட்டியிருக்கும் இறவாரத்துக்கு வருகிறது. அங்கே அடியில் சூடு கிடையாது. உடனே உறைகிறது. நாளாக ஆக, விளிம்பில் ஐஸ் ஒரு அணையாகவே எழும்புகிறது. பின்னால் தேங்கும் தண்ணீர் வேறு வழியில்லாமல் ஷிங்கிள்ஸ் என்கிற தார்த் தகடுகளுக்கு அடியில் நுழைந்து வீட்டுக்குள் இறங்குகிறது. ஆக, வியாதி கூரையில் தெரிந்தாலும் காரணம் பரணில். இது தெரிந்தவன் நல்ல ரூஃபர். தெரிந்தும் சொல்லாதவன்... அவன்தான் அன்று மாலை வந்தான்!

கையில் ஒரு அட்டை, வாயில் ஒரு புன்னகை. "இந்தப் பக்கமாகப் போனேன், உங்கள் கூரையைப் பார்த்தேன்" என்றான். முழுக் கூரையும் மாற்ற வேண்டுமாம். 18,000 டாலர். பாதி அட்வான்ஸ். இன்று கையெழுத்துப் போட்டால், இன்ஷூரன்ஸில் நம் பங்காகக் கட்ட வேண்டிய டிடக்டிபிளையும் அவர்களே கட்டிவிடுவார்களாம்.

அவன் போனதும் நண்பன் உற்சாகமாகிவிட்டான். "டேய், நமக்கு அந்தச் செலவும் மிச்சம்டா!"

நான் பி.காம். "மச்சான், நம்ம லெட்ஜர்ல வரவுன்னா இன்னொருத்தன் லெட்ஜர்ல பற்று இருக்கணும். அவன் அதை எங்க எழுதுவான்?" என்றேன். நண்பன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடினான். மினசோட்டாவில் டிடக்டிபிளை நாங்கள் கட்டுகிறோம் என்று ரூஃபர் சொல்வதே சட்டவிரோதம்! அவசரத்தில் கையெழுத்துப் போட்டவருக்கும் ஒரு ஆறுதல் உண்டு. வீடு தேடி வந்து விற்றவரிடம் செய்த ஒப்பந்தத்தை 3 வேலை நாட்களுக்குள் ரத்து செய்ய அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது.

அடுத்து, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போனோம். இந்த ஊர்க்காரர்கள் யாரையும் குறை சொல்ல மாட்டார்கள். 'மினசோட்டா நைஸ்' என்று அதற்குப் பெயரே உண்டு. கம்பெனி பெயரைக் கேட்டதும் பெரியவர் நீண்ட நேரம் பனியையே பார்த்தார். பிறகு, "அது... வித்தியாசமான கம்பெனி" என்றார். வெளியே வந்ததும் நண்பன் மொழிபெயர்த்தான்: "இங்கே வித்தியாசம்னா படுமோசம்னு அர்த்தம்டா!"

பெரியவர் விசாரிக்கச் சொன்ன விஷயங்கள் எந்த ஊர்க் காண்டிராக்டருக்கும் பொருந்தும். மாநிலத் தொழிலாளர் துறை கொடுத்த லைசென்ஸ் எண் ஒப்பந்தத்தில் இருக்கிறதா? லைசென்ஸ் உள்ளவர் ஏமாற்றினால் நஷ்ட ஈடு கேட்க அரசு நிதி ஒன்று உண்டு. இல்லாதவரிடம் ஏமாந்தால் அதுவும் கிடையாது. வேலையாள் விழுந்தால் அதற்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா? சரக்குக் கடைக்கும் கூலிக்கும் பணம் போய்விட்டதாக எழுதி வாங்குவீர்களா? இல்லாவிட்டால் ரூஃபர் வைத்த பாக்கிக்கு உங்கள் வீட்டின் மேல் கடன் உரிமை ஏறும். கடைசியாக, போன குளிர்காலத்திலும் இந்த ஆள் இதே ஊரில் இருந்தாரா? ஆலங்கட்டி மழை பெய்த ஊருக்கெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்து, வசூல் முடிந்ததும் காணாமல் போகிற கூட்டம் அங்கே உண்டு.

பெரியவர் ஒரு நம்பரும் கொடுத்தார். மறுநாள் வந்தவர் அதிகம் பேசவில்லை. கூரையை ஏறிட்டுப் பார்த்தார். நேராக, "பரணுக்கு ஏணி எங்கே?" என்றார். அரை மணி கழித்துத் தலையெல்லாம் பஞ்சுத் தூசியுடன் இறங்கினார். பாத்ரூம் ஃபேன் குழாய் வெளியே போகாமல் பரணிலேயே முடிகிறதாம். ஈரமும் சூடும் மொத்தமாக அங்கே!

"கூரை மாற்ற வேண்டாமா?" என்று நண்பன் கேட்டான்.

"இப்போது யார் மாற்றுவார்கள்? இந்தக் குளிரில் ஷிங்கிள்ஸ் அப்பளம் மாதிரி உடையும். ஒட்டும் பசைக்கும் வெயில் வேண்டும். உங்கள் கூரை இன்னும் சில வருஷம் தாங்கும். இடுக்குகளை அடையுங்கள், இன்சுலேஷன் போடுங்கள், ஃபேன் குழாயை வெளியே விடுங்கள்." (அப்பளம் மட்டும் என் கைச்சரக்கு. அவர் சொன்னது பிஸ்கட்.)

ஐஸ் அணையைக் கோடாலியால் கொத்தவில்லை. கொத்தினால் ஷிங்கிள்ஸும் சேர்ந்து போய்விடும். நீராவி மெஷின் கொண்டுவந்து, கேக் வெட்டுவதுபோலத் துண்டு துண்டாக எடுத்தார். பரண் வேலையும் சேர்த்து 2,000 டாலருக்குள் முடிந்தது. வேலை முடிந்த பிறகே பணம் வாங்கிக்கொண்டார். நண்பனுக்கு 16,000 டாலர் மிச்சம். வாளி பாத்ரூமுக்கே திரும்பியது.

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானாம் என்பார்கள் நம் ஊரில். ஆள் பிடிக்க நான் கற்றுக்கொண்ட சூத்திரம் இது: உங்களுக்கு எது தேவையில்லை என்று சொல்லித் தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்கிறவரிடம் அடுத்த வேலையையும் தயங்காமல் கொடுக்கலாம். டாக்டர், மெக்கானிக், ஆடிட்டர், எல்லோருக்கும் செல்லும்.

ஊர் திரும்புமுன் பெரியவரிடம் போய், "நீங்கள் சொன்ன ரூஃபர் அற்புதமான மனுஷர்!" என்று நன்றி சொன்னேன். அவர் மறுபடி பனியைப் பார்த்தார். யோசித்தார்.

"ஆமாம். மோசமில்லை" என்றார்.

அந்த ஊரில் அதுதான் பத்மஸ்ரீ!