அம்மன் கோவில் கம்ப்யூட்டருக்குள்ளே இன்னொரு கம்ப்யூட்டர்



போன வாரம் பழைய உபயகாரர் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டதும், "இது எப்படித் திரும்பக் கிடைச்சது? அந்தப் பழைய கம்ப்யூட்டர்தான் செத்துப்போச்சே!" என்று கிள்ளான், ஷா ஆலம், ஈப்போ பக்கமிருந்து நிறைய பேர் கேட்டீங்க. வேறு தோட்டக் கோவில் தொண்டர்கள் இரண்டு பேர், "எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான், என்ன மென்பொருள் போட்டீங்க?" என்றும் கேட்டார்கள். தனித்தனியா எழுத முடியல. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். ஒரு கோப்பை தேநீர் கலக்கிக்கிட்டு உட்காருங்க.

கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929இல். காட்டை வெட்டி, கன்று நட்டு, கொழுந்து எடுத்தவர்களில் நம்ம தாத்தா பாட்டிமார் எத்தனையோ பேர். இன்று கொழுந்து எடுப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். நம்ம பிள்ளைகள் படித்து மலையிறங்கிப் போயிட்டாங்க. லயங்களில் பாதி பூட்டிக் கிடக்கு. ஆனால் எங்க மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு மட்டும் காடி காடியாக எல்லோரும் மேலே ஏறி வருவாங்க. யார் வீட்டு உபயம் எந்த நாள், குடும்பத்தில் யார் யார், என்ன நட்சத்திரம் என்பதெல்லாம் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது: கோவில் ஆபீஸ் கம்ப்யூட்டரில்.

அந்த ரசீது மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் நம்ம தோட்டத்திலேயே பிறந்து ஈப்போவில் வேலை பார்த்த ஒரு அண்ணன். ஒரு காசு வாங்கல. அதுவே தன் உபயம் என்று சொன்னார். அவர் காலமாகி ஏழு வருஷம். தகவல் கோப்பைத் திறக்கும் கடவுச்சொல்லும் அவரோடேயே போயிருச்சு. அந்த மென்பொருள் ஓடினால் பெயர்கள் தெரியும். ஓடாவிட்டால், கோப்பு கையில் இருந்தும் ஒண்ணுமில்லை.

இங்குள்ள ஈரமும் பனியும் உங்களுக்குத் தெரியும். போன வருஷம் அந்தப் பழைய பெட்டி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. நல்லவேளை, ஹார்ட் டிஸ்க் பிழைத்தது. மென்பொருளின் சிடியும் பீரோவில் திருநீறு பொட்டலங்களுக்கு அடியில் கிடைத்தது. ஒரு பக்தர் தன் ஆபீசில் கழித்த கம்ப்யூட்டரைக் கொடுத்தார். இன்டெல் ஆறாம் தலைமுறை, 8 ஜிபி நினைவகம். நல்ல பெட்டிதான், ஆனால் விண்டோஸ் 11 அதை ஏற்காது. அதற்கு எட்டாம் தலைமுறை வேண்டும். விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது, தீபாவளிக்குச் சரியாக ஆறு நாள் முன்னே. கோவில் வங்கிக் கணக்கு பார்ப்பதும், சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்புவதும் அதே கம்ப்யூட்டரில்தான். ஓட்டை அடைக்க ஆள் இல்லாத வீட்டில் உண்டியலை வைக்க முடியுமா? லினக்ஸ் மின்ட் போட்டோம். வேகமாக ஓடியது, பாதுகாப்பும் சரி. ஆனால் ரசீது மென்பொருள் விண்டோஸுக்கு எழுதியது. லினக்ஸில் அப்படியே ஓடாது.

எங்க தம்பி ஒருத்தன், "ஒயின் போட்டா ஓடும்" என்றான். தலைவர் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்து, "கோவில் ஆபீஸ்ல ஒயினா?" என்றார். சிரிச்சு முடிச்ச பிறகு விளக்கினோம்: அது 1993இல் தொடங்கிய ஒரு கட்டற்ற மென்பொருள், விண்டோஸ் இல்லாமலேயே விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டுவது. முயன்றோம். நிரல் திறந்தது, ரசீது அச்சு சரியாக வரல. எங்க நிரல் அவ்வளவு பழசு. உங்களுக்கு வேலை செய்யலாம், முதலில் அதையே பாருங்க. சரியாக அமைந்தால் கீழே சொல்லும் எதுவும் தேவைப்படாது.

எங்களுக்கு மீதி இருந்த வழி மெய்நிகர் கணினி. அதாவது லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள்ளேயே, மென்பொருளால் ஆன இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதற்குள் விண்டோஸைக் குடிவைப்பது. லயத்து வீட்டில் ஒரு பக்கம் தடுத்து, தனி அடுப்பு வைத்து வேறொரு குடும்பத்துக்குக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. கூரை ஒன்று, குடித்தனம் இரண்டு.

இதற்கு இலவசமாகக் கிடைப்பவற்றில் முக்கியமானவை மூன்று. நாங்கள் பார்த்தபடி சொல்கிறோம்.

முதலாவது விர்ச்சுவல்பாக்ஸ். இன்னோடெக் என்ற ஜெர்மானிய நிறுவனம் 2007இல் திறந்த மூலமாக வெளியிட்டது. 2008இல் சன் வாங்கியது, 2010இல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. புதியவர்களுக்கு இதுதான் சுலபம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும், படம் போட்டு வழி சொல்பவர்களும் நிறைய. அடிப்படைத் தொகுப்பு ஜிபிஎல் உரிமத்தில் உள்ளது, கோவிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதோடு வரும் 'எக்ஸ்டென்ஷன் பேக்' என்ற கூடுதல் தொகுப்புக்கு வேறு உரிமம். சொந்த உபயோகம், கல்வி, சோதித்துப் பார்ப்பது ஆகியவற்றுக்குத்தான் அது இலவசம். பதிவு பெற்ற சங்கம் என்பது சொந்த உபயோகம் ஆகாது. தெரியாமல் அதையும் சேர்த்துப் போட்டுவிடாதீங்க.

இரண்டாவது விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் புரோ. 1999 முதல் இருக்கும் பழைய கை, நன்றாகவே ஓடும். நெடுங்காலம் காசு கொடுத்து வாங்க வேண்டியதாக இருந்தது. பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கிய பிறகு, 2024 மே மாதம் தனிநபர்களுக்கும், நவம்பரில் எல்லோருக்கும் இலவசமாக்கினார்கள். ஆனால் மூல நிரல் திறந்ததல்ல. அவர்கள் தளத்தில் கணக்குத் தொடங்கித்தான் இறக்க வேண்டும். இன்று கொடுத்தவர் நாளைக்கு முடிவை மாற்றலாம். அது அவர் உரிமை.

மூன்றாவது கேவிஎம். இதைத் தனியாக இறக்கக்கூடத் தேவையில்லை. 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 பதிப்பிலிருந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. பிரான்சைச் சேர்ந்த ஃபாப்ரீஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட கியூஎமு இதற்குத் துணை. திரையில் கையாள 'விர்ட்-மேனேஜர்' என்று ஒன்று; இன்னும் எளிமையாக வேண்டுமானால் 'க்னோம் பாக்சஸ்'. எல்லாமே கட்டற்ற மென்பொருள். விர்ட்-மேனேஜர் முதல் பார்வைக்குக் கொஞ்சம் மிரட்டும். இரண்டு மாலை உட்கார்ந்தால் பழகிவிடும்.

இங்கேதான் கூட்டத்தில் வாக்குவாதம். பொருளாளர் அக்கா கேட்டார்: "மூணும் சும்மா கிடைக்குதுன்னா, அப்புறம் என்ன வித்தியாசம்?" நல்ல கேள்வி. தமிழில் நமக்கு இரண்டு சொல் இருக்கிறது, இலவசம், கட்டற்றது. இலவசம் என்றால் இன்றைக்குக் காசு கேட்கவில்லை என்று அர்த்தம். கட்டற்றது என்றால் யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. கொடுத்தவர் கடையை மூடினாலும் வேறொருவர் எடுத்து நடத்தலாம். கடவுச்சொல்லோடு ஒருத்தர் போய்விட்டால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்ட கோவில் நாங்கள். அந்த அண்ணன் எங்களுக்கு இலவசமாகத்தான் கொடுத்தார். அவர் மேல் குறை இல்லை. நிரலின் மூலத்தையும் சாவியையும் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கி வைக்காதது எங்க தப்பு.

இன்னொரு விஷயம். ஓட்டும் மென்பொருள் சும்மா கிடைத்தாலும், உள்ளே குடிவரும் விண்டோஸுக்கு உரிமம் வேண்டும். பழைய பெட்டியில் ஒட்டியிருந்த உரிமம் அந்தப் பெட்டியோடு வந்தது, வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றக்கூடாது. "அண்ணே, கிராக் பண்ணினது இருக்கு, யாரு பார்க்கப் போறாங்க?" என்று ஒரு தம்பி கேட்டான். அக்கா கோபப்படவில்லை. "அம்மனுக்கு வந்த காசைத் திருட்டுப் பொருள்ல எழுதி வைக்கலாமாடா?" என்றார், அவ்வளவுதான். பிறகு ஒரு உறுப்பினர், தான் முன்பு கடையில் பெட்டியோடு வாங்கி இப்போது பயன்படுத்தாத விண்டோஸ் 7ஐக் கோவிலுக்குக் கொடுத்தார். அப்படி வாங்கியதை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டு இன்னொன்றில் போடலாம்.

உண்மையைச் சொன்னால், முதலில் நாங்கள் கேவிஎம் போடவில்லை. சுலபமாக இருந்த வேறொன்றைப் போட்டோம். அது கெர்னலுக்கு வெளியிலிருந்து வரும் வகை. அப்படிப்பட்டவை தமக்கென ஒரு துணைப்பகுதியைக் கெர்னலோடு சேர்க்கும். கெர்னல் மாறும்போதெல்லாம் அதை மறுபடி கட்ட வேண்டும். 'செக்யூர் பூட்' போட்டிருந்தால் அதற்குக் கையொப்பமும் வேண்டும். இது தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அதுவும் விசேஷ நாளில், நாங்களே அப்டேட் பட்டனை அமுக்கிவிட்டோம். மாலை அர்ச்சனைக்குக் கூட்டம். மெய்நிகர் கணினி திறக்கல. எல்லா ரசீதையும் கையால் எழுதினோம். கம்பாரிலிருந்து வந்த ஒரு பாட்டி, "என் வீட்டுக்காரர் பேர்ல வருஷா வருஷம் உபயம் இருக்குமே, பாருப்பா" என்று கேட்டு நின்றபோது எங்களால் பார்க்க முடியவில்லை. தப்பு மென்பொருளுடையது இல்லை, முழுக்க எங்களுடையது. ஆனாலும் அன்றைக்கே முடிவு செய்தோம்: ஆபீசில் நாளைக்கு யார் உட்கார்ந்தாலும், கெர்னல் மாறினாலும் கூடவே வருகிறது எதுவோ அதுதான் நமக்கு.

கேவிஎம்முக்கு மாறும்போது பழைய மெய்நிகர் வட்டை வீணாக்கவில்லை. கியூஎமுவோடு வரும் மாற்றுக் கருவி ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் கொடுத்துவிடும். ஆகவே தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டோமோ என்று யாரும் பயப்பட வேண்டாம்.

செய்யப் போகிறவர்களுக்கு எங்க அனுபவத்தில் சில குறிப்புகள்:

பயாஸுக்குள் போய் இன்டெல் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்க. மூடியிருந்தால் எதுவும் ஒழுங்காக ஓடாது.

8 ஜிபியில் 2 ஜிபியை மட்டும் உள்ளே கொடுத்தோம். விண்டோஸ் 7, 32 பிட்டுக்கு அது போதும்.

வட்டை 'சாட்டா' வகையாக வைத்தால் விண்டோஸ் மறுப்புச் சொல்லாமல் ஏறிவிடும். 'விர்டிஓ' வேகம் அதிகம், ஆனால் அதற்கு டிரைவரைத் தனியாகக் கொடுக்கணும்.

விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்தது. அதனால் உள்ளே இருக்கும் கணினிக்கு இன்டர்நெட் கொடுக்கவே இல்லை. வங்கி வேலை வெளியே லினக்ஸில், ரசீது உள்ளே.

ரசீது பிரிண்டரை யுஎஸ்பி வழியாக நேராக உள்ளே விடலாம். விர்ட்-மேனேஜரில் அதற்கு இடம் இருக்கிறது.

'ஸ்னாப்ஷாட்' எடுத்துவிட்டால் காப்பு ஆகிவிட்டது என்று நினைக்காதீங்க. மெய்நிகர் கணினியை நிறுத்திவிட்டு அதன் வட்டுக் கோப்பை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்க. எங்களிடம் இரண்டு நகல், ஒன்று கோவில் பீரோவில், ஒன்று அக்கா வீட்டில். மலையில் மின்சாரம் போவது சகஜம், ஒரு யுபிஎஸ்ஸும் வையுங்க.

கடைசியாக ஒன்று. உள்ளே குடியிருப்பவர் நிரந்தரம் இல்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். மென்பொருள் ஓடத் தொடங்கியதும் முழுப் பட்டியலையும் தாளுக்குப் பதில் கோப்பாக அச்சிட்டு எடுத்தோம். வெளியே திறந்தால் எல்லாம் கோணல்மாணலான ஆங்கிலக் குறிகள். யூனிகோட் பரவுவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன் இஷ்டத்துக்கு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்திருந்ததால் வந்த வினை. மாற்றியைக் கொண்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்தும் சில இடங்களில் கொம்பும் காலும் மாறி வந்தன.

அதனால் நாலு ஞாயிற்றுக்கிழமை, பூஜை முடிந்ததும், பெரியவர்களை உட்கார வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தோம். 312 பதிவுகள். "இது மேல் லயத்துக் கடைசி வீடு", "இவங்க பொண்ணுதான் இப்ப சித்தியவான்ல டீச்சர்", "இந்தப் பேரு தப்பு, அவருக்கு ரெண்டு சுழி 'ன' கிடையாது, மூணு சுழி" என்று அவர்கள் சொல்லச் சொல்லத் திருத்தினோம். கம்பார் பாட்டியின் வீட்டுக்காரர் பெயரும் இருந்தது, நவராத்திரி மூன்றாம் நாள், மகம் நட்சத்திரம். அவருக்கு அன்றைக்கே போன் போட்டுச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டார்.

இப்போது பட்டியல் சாதாரண லிப்ரே ஆபீஸ் கோப்பில் இருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். கடவுச்சொல் எழுதிய காகிதம் உறையில் போட்டு ஒட்டி, நிர்வாகத்தின் மூன்று பேர் கையெழுத்தோடு பீரோவில் இருக்கிறது. புது ரசீதுகளும் மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும். அதுவரைக்கும் அந்த அண்ணன் எழுதிய நிரல் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு மாதிரி உள்ளே ஓடிக்கொண்டிருக்கட்டும்.

உங்க வீட்டுப் பெயரில் பிழை இருந்தால் கமெண்டில் எழுதாமல் ஆபீசுக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்க. வேறு கோவில் தொண்டர்கள் யாருக்காவது இந்த வேலைக்குக் கைகொடுக்க வேண்டுமென்றால் சொல்லுங்க, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். காசு வேண்டாம். சாப்பாடு போட்டால் போதும்.

ஓம் சக்தி.