தீர்மானம் பிறந்தது, தெரு திறந்ததா?

சட்டமன்றம் என்றவுடன் இளைஞர் நினைவில் எழுவன மூன்று: சொற்போர், கைதட்டல், வெளிநடப்பு! அவையில் எழுந்த முழக்கத்தை அறிவோம். அவை நடவடிக்கைக் குறிப்பை அறியோம். ஆண்டவனைப் பற்றியே "ஆதாரம் எங்கே?" என்று கேட்ட நாம், ஆளும் மன்றத்தைப் பற்றி மட்டும் செவிவழிச் செய்தியோடு நின்றுவிடலாமா?

எம்.கே.பி. நகரில் நம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன், "தீண்டாமையை ஒழித்த சட்டம் எது, ஐயா?" என்று வினவினான். கரும்பலகையில் நான்கு ஆண்டுகளை எழுதினோம்: 1924, 1938, 1955, 1989. "அப்படியானால் எதில்தான் ஒழிந்தது?" என்றான். அந்த வினாவே ஆராய்ச்சியின் வாயில்!

1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்த தீர்மானம், பொதுச் சாலையும் பொதுக் கிணறும் ஒடுக்கப்பட்டோர்க்கும் உரியன என்றது. நிறைவேறியது. ஆயினும் அன்றைய தீர்மானம் அரசுக்குச் செய்த பரிந்துரையே. மீறியவனைத் தண்டிக்க அதற்கு வலிமையில்லை. 1938-இல் எம்.சி. ராஜா கொணர்ந்த மசோதா சட்டமாகி, அவ்வுரிமையைத் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. அதே ஆண்டில் அவர் கொணர்ந்த கோயில் நுழைவு மசோதாவோ, இராசகோபாலாச்சாரியார் அமைச்சரவையின் ஆதரவின்றித் தோற்றது. கிணற்றுக்கு இசைந்த அவை, கோயிற் கதவைக் கண்டதும் பின்வாங்கிற்று!

1955-இல் நாடாளுமன்றம் தீண்டாமைக் குற்றச் சட்டம் இயற்றியது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ஒழிந்துவிட்ட ஒன்றுக்கு மீண்டும் மீண்டும் சட்டம் எதற்கு? சட்டம் பிறந்த நாளைப் போற்றுவது விழா. அது மறுபடி பிறக்க நேர்ந்த காரணத்தைத் தேடுவதே ஆராய்ச்சி.

அத்தகைய ஆராய்ச்சியை மேற்கொண்டோர் உண்டு. நீதிக்கட்சிக் கால அரசியலை ஆய்ந்த யூஜின் இர்ஷிக்கின் நூல் 1969-இலும், 1920 முதல் 1937 வரையிலான தென்னாட்டு அரசியலை ஆய்ந்த கிறிஸ்டோபர் பேக்கரின் நூல் 1976-இலும் வெளிவந்தன. கடல் கடந்தோர் நம் வரலாற்றைத் துருவி ஆராய்ந்தனர். அவ்வரலாற்றின் வாரிசுகளாகிய நாமோ, அவர்கள் எழுதியதையும் படித்தோமில்லை!

தோழர்களே, ஆராய்ச்சி பட்டம் பெற்றோரின் தனியுடைமை அன்று. உழைப்போர் வாழும் வடசென்னையில், படிப்பகந்தோறும் வாரம் ஒருநாள் அவைக் குறிப்பைப் படிப்போம். கேட்டவர் யார்? மறுத்தவர் யார்? ஒதுக்கிய தொகை எவ்வளவு? நிறைவேற்றும் பொறுப்பு எவருடையது? இந்நான்கையும் குறித்து வைப்போம்.

வாக்களிப்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை. கணக்குக் கேட்பது நாள்தோறும் ஆற்றவேண்டிய கடமை. கைதட்டக் கற்றோம், இனிக் கணக்குக் கேட்கவும் கற்போம்.